சென்னை வழியாகக் கோயம்புத்தூர்

கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கையில் கணக்குத் தப்பாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடமாகத் தூரம், வேகம், நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த மூன்றும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

கோயம்புத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண் பார்க்க ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு வரன்கள், பையன் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறான் என்று தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணின் போட்டோவைப் போனில் நாளுக்குப் பத்துத் தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் கைநழுவ விடக்கூடாது. அதனால் விமானத்தில் போய் இறங்குவது என்று முடிவு செய்தேன். (மலையடிவாரத்தில் பிறந்தும், அதுவரை நான் ஏறிய உயரம் பள்ளிக்கூட மொட்டை மாடிதான்.)

வீட்டார் ஏழு மணிக்கு வேனில் கிளம்பி, செங்கம், சேலம் வழியாக இரண்டு மணிக்குப் போய்ச் சேருவார்கள். நான் ஐந்து மணிக்குப் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குச் சென்னை விமான நிலையம். பதினொன்றுக்கு விமானம். அங்கிருந்து கோயம்புத்தூர் ஒரு மணி பத்து நிமிடம். வேனுக்கு முன்னால் போய், வாசலில் நின்று அவர்களை வரவேற்பதாக இருந்தேன்.

அம்மா ஒன்றுதான் சொன்னாள். “சனிக்கிழமை பௌர்ணமிடா. மறுநாள் காலைல மெட்ராஸ் பஸ்ல கால் வைக்க முடியாது. பேசாம வேன்ல ஏறு.”

எல்லாம் கணக்குப் போட்டாயிற்று என்றேன். இந்த ஊர்க்காரன் பௌர்ணமியை மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். நான் மறக்கவில்லை. கூட்டம் சனிக்கிழமையோடு சரி என்று கழித்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், கிரிவலம் முடித்த சென்னை ஜனம் மொத்தமும் பஸ் நிலையத்தில் நின்றது. நான்காவது பஸ்ஸில்தான் தொற்ற முடிந்தது. பதினான்கு கிலோமீட்டர் நடந்து களைத்த ஒருவர், நின்றபடியே என் தோளில் சாய்ந்து திண்டிவனம் வரை தூங்கினார். நான் விமான நிலையத்தில் நுழைந்தபோது என் விமானம் அநேகமாகச் சேலத்துக்கு மேலே இருந்தது. கீழே எங்கள் வேன் போய்க்கொண்டிருந்திருக்கும்.

மூன்று மணி விமானத்தில் இடம் கிடைத்தது. சொன்னபடி ஒரு மணி பத்து நிமிடத்தில் அது இறங்கியது. அன்று என் கணக்கில் சரியாக வந்தது அது ஒன்றுதான். அதையும் நான் தூங்கிக் கழித்தேன்.

பெண் வீட்டை அடைந்தபோது மணி ஐந்து. நாலரைக்கு ராகு காலம் என்பதால், மாப்பிள்ளை இல்லாமலே பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டுக் கையும் கழுவியிருந்தார்கள். ஆறு மணிக்கு மேல் உள்ளே வரட்டும் என்றார் பெண்ணின் அப்பா. செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். இந்த வரனும் போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். உண்மையாகவே அழுகை வந்தது.

ராகு காலத்தைப் பொருட்படுத்தாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தது அந்தப் பெண்தான்.

“ஏனுங்க, கோயமுத்தூர் வர்றதுக்கு எதுக்குங்க மெட்ராஸ் போனீங்க?”

ஏழெட்டுப் பொய்கள் யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை.

“பிளைட்ல வந்தேன்னு உங்ககிட்ட சொல்லிக்கத்தாங்க.”

அவள் சிரிக்காமல் உள்ளே போனாள். இந்த ஆளுக்குப் பொய் சொல்ல வராது, எனக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னாளாம். (அதுவும் தப்புக் கணக்குத்தான். நான் திருத்தவில்லை.)

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்க நான் செருப்பு மாட்டினாலும், அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

“மெட்ராஸ் வழியாவாங்க?”