வயலெட்டுக்கு நாள் பார்த்தது

ஐப்பசி பிறந்த அன்று காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு சுவாமிநாதன் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். வயலெட் செடியைக் கத்தரித்தே தீருவது. முப்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்து துரை எழுதின நோட்டையே திருத்தினவர். மயிலாப்பூரில் சொந்தக் கொல்லையில் ஒரு செடியைத் திருத்த யாரைக் கேட்க வேண்டும்? மனைவி சொர்ணத்தைக் கேட்க வேண்டும். அதுதான் சங்கடம்.

"கொடி ஓடி, பழுத்த இலையா மண்டிக் கிடக்கு. இப்ப வெட்டினாத்தான் மார்கழிக் குளிர்ல பூக்கும்னு தோட்டப் புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை யாராவது பச்சையில கத்தி வைப்பாளா?"

புதன்கிழமை கேட்டார். அஷ்டமி என்றாள். வியாழன், நவமி. வெள்ளி, வாயைத் திறக்கவே வேண்டாம். சனிக்கிழமை இரும்பைத் தொடக்கூடாது. ஞாயிறு அவருடைய ஜன்ம நட்சத்திரம். சாயங்காலம் கேட்டால், விளக்கு வைத்தபின் செடி தூங்குகிறது. திங்கட்கிழமை பால்காரன் வரவில்லை. அதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சொர்ணத்தையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் அவர் எலுமிச்சை மரத்தைக் கத்தரித்தார். இப்போது அதில் துணி உலர்த்துகிறார்கள். அடுத்த மாசம் மல்லிகைப் பந்தலுக்குள் புகுந்தார். இப்போது பந்தல் மட்டும் இருக்கிறது.

ஆனால் இது எலுமிச்சை இல்லை. நீரஜாவின் செடி.

ஒரே பெண். குன்னூரில் கொடுத்திருந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று குதித்து முடித்தவர் சுவாமிநாதன்தான். "அவளுக்குக் குளிர் ஒத்துக்காதே" என்று சொர்ணம் ஒரே ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது குளிர்காலத்தில் மார்ச்சளி கட்டி, ஜுரமாகி, ஒன்பதே நாளில் போய்விட்டாள். இருபத்தொரு வயசு. காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது, அவள் ஜன்னலோரம் வளர்த்த தொட்டியை சென்ட்ரல் ஸ்டேஷன் வரை மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தார்.

'ஒரு நிமிஷம் வாசனை வரதுப்பா, அடுத்த நிமிஷம் காணோம். விளையாட்டுக் காட்டறது' என்று அவள் ஒரு கடுதாசில் எழுதியிருந்தாள். மூன்று வருஷமாகப் பட்டணத்துச் சூட்டில் அது இலை விட்டதே தவிர, ஒரு மொட்டு வைக்கவில்லை. அந்த வாசனையை ஒரே ஒரு தடவை முகர்ந்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

இரண்டாவது வாரம் சொர்ணம் தொட்டியைத் தூக்கிக் கொல்லைச் சார்ப்பில், மடிப்புடவை உலர்த்தும் கொடிக்கு அடியில் வைத்தாள். மழை அழுகடித்துவிடுமாம். குளிக்காமல், சட்டையும் விழுப்புமாக அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. புடவைக்குப் பின்னால் செடி இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சுவாமிநாதன் விடுவாரா? தெப்பக்குளத்துப் பக்கம் போய்த் தனக்கென்று ஒரு பஞ்சாங்கம் வாங்கி, பழைய பேப்பருக்குள் ஒளித்து வைத்துப் படித்தார். அகப்பட்டது ஒரு புதன்கிழமை. திதி, நட்சத்திரம், யோகம், எல்லாம் சுத்தம்.

"பஜனை மடத்துல இன்னிக்கு உபன்யாசமாம். நீ போயிட்டு வாயேன்."

"சரி."

மூன்று தடவை சொல்லாமல் எதற்கும் அசையாதவள், முதல் தடவையிலேயே கிளம்பினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு இருந்த அவசரத்தில் தோன்றவில்லை. கிணற்றடியில் நாலு வாளி தலைக்கு விட்டுக்கொண்டார். இனி மடிக்குப் பங்கமில்லை. ஈர வேஷ்டியும் கத்தரிக்கோலுமாகப் போய்ப் புடவையை ஒரு குச்சியால் ஒதுக்கினார்.

செடி கத்தரிக்கப்பட்டிருந்தது.

பழுத்த இலை ஒன்று இல்லை. ஓடின கொடிகள் எல்லாம் ஒட்ட நறுக்கப்பட்டு, வெட்டுவாய் காய்ந்திருந்தது. நடுவில் நகக்கண் அளவு புதுத் தளிர்கள். வெட்டின கொடிகள் பக்கத்தில் நாலு கொட்டாங்கச்சியில் நட்டிருந்தன. இவ்வளவு நறுவிசாக அவர் ஜன்மத்தில் வெட்டியதில்லை.

"ஈரத்தோட நிக்காதேங்கோ."

சொர்ணம் கிணற்றடியில் நின்றாள். தெருமுனை வரைக்கும்தான் போயிருக்கிறாள்.

"நீயா வெட்டினே?"

"ஆமாம்."

"என்னிக்கு?"

"போன வாரம். செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை கத்தி வைக்கப்படாதுன்னியே."

"அது உங்களுக்கு."

"புஸ்தகம் இங்கிலீஷாச்சே. உனக்கெப்படி..."

"நீங்கதான் தினம் அர்த்தம் சொல்லிச் சொல்லிப் படிச்சேளே. எதை வெட்டணும், எதை விடணும்னு எனக்கு நெட்டுரு ஆயிடுத்து."

அவருக்குக் கோபம் வந்தது. கத்தரிக்கோலைச் செடிப் பக்கம் நீட்டினார்.

"பட்டுப்போயிருந்தா? அவளோடதுன்னு இது ஒண்ணுதானே இருக்கு. பட்டுப்போயிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"நீங்க என்னைத் திட்டியிருப்பேள். ஆயுசு பூரா திட்டியிருப்பேள். நான் கேட்டுண்டு இருந்திருப்பேன்." அருகில் வந்து அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "உங்க கையால பட்டுப்போயிருந்தா நீங்க யாரைத் திட்டுவேள்? குன்னூர்ச் சம்பந்தத்தை முடிச்ச பாவம்னு இன்னும் தூக்கத்துல புலம்பிண்டிருக்கேள். இன்னொண்ணை உங்களால தாங்க முடியாது. போங்கோ, தலையைத் துவட்டிக்கோங்கோ."

அந்த ஒரு விஷயத்தையாவது மூன்று வருஷமாகச் சொர்ணத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதாகத்தான் சுவாமிநாதன் நினைத்துக்கொண்டிருந்தார்.