சிமென்ட் கடை மாப்பிள்ளை

"மாடியில இருக்கறவருக்கும் இன்டர்வியூ வந்திருக்காம்" என்றாள் மனைவி.

பெரிய மாப்பிள்ளை எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"யாருக்கு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்குத்தான். உங்களுக்கு வந்த அதே ஸ்காலர்ஷிப். நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிட்டு வந்துடலாம்."

"ஒரே வண்டியில போகலாம். ஒரே நாற்காலியில உட்கார முடியுமா?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு உதவித்தொகை வாரி இறைப்பார்கள். வரலாறு, இலக்கியம், சமூகவியல் என்று முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டுகிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. பெரிய மாப்பிள்ளை ஆராய்வது பழைய நகராட்சிக் குடிநீர்க் குழாய்களின் வரலாறு. சகலை சமூகவியல், பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறார்.

"பஸ் வராம வெட்டியா நின்னவனுக்கெல்லாம் டாக்டர் பட்டமா?" என்பது பெரியவரின் நெடுநாள் குமுறல்.

இதில் அவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை ஒன்று இருந்தது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த உதவி இந்த மாதத்தோடு நின்றுவிடும். மாமனார் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கெடைச்சா படிங்க மாப்ளே. கெடைக்கலைன்னா கவலையே வேணாம். நம்ம சிமென்ட் கடை கல்லா இருக்கவே இருக்கு."

பாசத்தில் கல்லா நாற்காலிக்குப் புது மெத்தைகூட வாங்கிப் போட்டிருந்தார். கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த மெத்தையைப் பார்த்து பெரிய மாப்பிள்ளை நடையை எட்டிப் போடுவார். அதில் உட்கார்ந்தால் ஆய்வேடு அவ்வளவுதான், மூட்டை எண்ணியே ஆயுசு முடிந்துவிடும்.

மாடிக்காரர் மேல் அவருக்கு எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. கரன்ட் பில் கட்ட வேண்டுமா, மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமா, எதற்கும் சின்ன மாப்பிள்ளைதான். பெரியவரை ஒரு ஆளாக மதித்து யாரும் எதுவும் கேட்டதில்லை. இரண்டு பேரும் இருப்பது மாமனார் வீட்டில்தான். ஆனால் கீழ்ப் பகுதியில் தான் இருப்பது தற்காலிக ஏற்பாடு, மாடியில் சகலை இருப்பது ஒட்டுண்ணித்தனம் என்று ஒரு வகைப்பாடு வைத்திருந்தார். சுருக்கமாகச் சொன்னால் பொறாமை. அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்ட பொறாமை.

மறுநாள் காலை பல்கலைக்கழக வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனை இரவல் வாங்கினார். வாய்க்கு முன்னால் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்வலியா சார்?" என்றார் கடைக்காரர்.

"உஷ்!"

உதவித்தொகைப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க இன்டர்வியூ பட்டியல்ல தகுதியில்லாத ஆள் ஒருத்தர் இருக்கார்."

"பேரு சொல்லுங்க சார்."

இங்கேதான் படித்த படிப்பு குறுக்கே வந்து விழுந்தது. ஆய்வில் யாரைப் பற்றி எழுதினாலும் பெயரை வெளியிடக் கூடாது, அடையாளத்தை மறைத்தே எழுத வேண்டும் என்று முதல் வருஷமே மண்டையில் ஆணி அடித்து இறக்கியிருந்தார்கள். ஒருவனைப் போட்டுக் கொடுக்கும்போதுகூட அந்த ஆணி அசையவில்லை.

"பேரைச் சொல்றது ஆய்வு நெறிக்கு விரோதம் மேடம்."

"அப்ப நாங்க எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"சிமென்ட் கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளைன்னு வச்சுக்குங்க. மாமனார் வீட்டோட இருக்கார். வாடகை கிடையாது. பொண்டாட்டி சம்பளம் வேற. அவருக்கு எதுக்கு மேடம் உதவித்தொகை? கஷ்டப்படறவங்களுக்குக் கொடுங்க."

"கஷ்டப்படறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"இருக்காங்க மேடம். அதே பட்டியல்லதான் இருக்காங்க" என்று சொல்லும்போது கைக்குட்டையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சகலை மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் வாடிக் கிடந்தது. பெரிய மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அண்ணே, ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. யாரோ வேலையத்தவன் கண்டபடி உளறியிருக்கான்."

"அடப்பாவி! யாரு?"

"பேரு சொல்லலையாம். நீங்க இதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க. நான் நேர்லயே போயி சத்தம் போட்டுட்டு வந்துட்டேன். ஆதாரம் இல்லாத பேச்சை எங்க குழு நம்பாதுன்னு சொல்லிட்டாங்க."

"நேர்லயே போனியா?"

"போகாம? சும்மா விடுவேனா?"

அன்று ராத்திரி முழுக்க பெரியவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நேரில் போய் அலுவலகத்தில் முகத்தைக் காட்டி, நாலு வார்த்தை பேசி, நல்ல பெயரும் வாங்கிவிட்டான். புகார் சொன்னது இவர், பலன் அவனுக்கு. அதைவிட அந்த 'ஆதாரம் இல்லாத பேச்சு' என்ற சொல் முள்ளாகக் குத்தியது. அவருடைய ஆய்வேட்டில் 'மழை பெய்தது' என்ற வாக்கியத்துக்கே கீழே ஆதாரம் இருக்கும். அவரைப் பார்த்தா இப்படி?

மறுபடி ஜெராக்ஸ் கடை, மறுபடி கைக்குட்டை.

"இன்னும் பல்லைப் புடுங்கலையா சார்?"

"கொஞ்சம் சும்மா இருய்யா!"

போனில் அதே பெண். பெரிய மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதிக்கோங்க மேடம். முதன்மைச் சான்று, குறட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தத் தெருவுல யாரு போனாலும் காதுல விழும். இரண்டாம் நிலைச் சான்று, எதிர்வீட்டு டெய்லர். அந்தச் சத்தம் நின்னாதான் அவரு டீ குடிக்கவே போவாரு, அதான் அவருக்குக் கடிகாரம்."

"படிப்பு விஷயத்துல எப்படி சார்?"

"மூணாவது அத்தியாயத்துலயே குடியிருக்கார். நெறியாளர் எதிர்ல வந்தா பின்பக்கப் படியில இறங்கி ஓடிடுவார்."

அவரே அதைப் பலமுறை செய்திருந்ததால் அந்த விவரம் ரொம்ப உயிரோட்டமாக வந்தது.

"இவ்வளவு துல்லியமா எப்படி சார் தெரியும்?"

"நீண்டகாலக் கள ஆய்வு மேடம்." பாராட்டில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. "ஆனா மறுதரப்பையும் சொல்லணும். ஆள் கெட்டவர் இல்ல. சிரிச்ச முகம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்வாதம் இல்லாத வாதம் வாதமே இல்லை என்று எழுதிப் பழகிய வாய். அதைச் சரிக்கட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டது.

"சந்தேகமா இருந்தா அந்த வீட்டு மாமியாரையே கேளுங்க மேடம். மாப்பிள்ளையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறவங்க. பொய் சொல்லத் தெரியாது."

சாட்சி மறுநாளே பேசிவிட்டது. பெரிய மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு பேசிச்சு மாப்ளே! உங்க வீட்டுச் செல்ல மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லுங்கம்மான்னு கேட்டுச்சு. நான் விடுவேனா? தங்கமான மனுஷன், அவரை ஒரு துரும்பு நகர்த்த விடமாட்டோம், மத்தியானம் தூங்கினா டி.வி. சத்தத்தைக்கூடக் குறைச்சிடுவோம், அவ்வளவு மரியாதைன்னு எடுத்து விட்டேன்."

பெரிய மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சான்று உறுதியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் கரன்ட் பில் கட்டுகிறவனுக்குத் துரும்பு நகர்த்த விடாத மரியாதை வேறா? பக்கத்தில் நிற்கிற மூத்த மருமகனிடமே இளையவனைப் புகழ எப்படித்தான் மனசு வந்தது? வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"என்னைப் பத்தி ஒண்ணும் கேட்கலையா அத்தை?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போங்க மாப்ளே, உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்!"

இன்டர்வியூ அன்று ஒரே வண்டியில்தான் போனார்கள். சகலை வழி முழுக்க அண்ணனின் ஃபைலையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"தைரியமாப் பேசுங்க அண்ணே. நான் இருக்கேன்."

'நீ இருக்கறதுதானேடா பிரச்சினை' என்று பெரியவர் மனசுக்குள் பல்லைக் கடித்தார்.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். குடிநீர்க் குழாய்களைப் பற்றிக் குழு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த உதவி உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்று மட்டும் தலைவர் கேட்டார். பெரிய மாப்பிள்ளை உருகிவிட்டார். ஏழ்மை, தனிமை, கேட்க நாதியில்லாத நிலை என்று அடுக்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி இவர் வெளியே வந்தார்.

அடுத்து சகலை உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம் கேட்டது. சகலையின் குரல்தான். மேஜையில் யாரோ தட்டினார்கள். "நீங்க நெனைக்கிறது தப்பு சார்!" என்பது மட்டும் கதவு வழியாகத் தெளிவாக வந்தது.

மாட்டிக்கொண்டான்! பெரிய மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்தார். கல்லா மெத்தை கண்ணைவிட்டு மெல்ல மறைந்தது. முதல் மாதப் பணத்தில் மனைவிக்கு என்ன வாங்கலாம் என்றுகூட யோசித்தார்.

சகலை சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். அண்ணன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், வண்டி எடுத்து வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார். பின்னாலேயே அலுவலகப் பெண் வந்து முடிவைச் சொன்னாள். இந்த ஆண்டு உதவித்தொகை பஸ் நிறுத்த ஆய்வுக்கு.

பெரிய மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். கைக்குட்டையை மறந்தார், மானத்தையும் மறந்தார்.

"என்ன மேடம் அநியாயம் இது! சிமென்ட் கடை மாப்பிள்ளையைப் பத்தி அவ்வளவு புகார் வந்தும் ஒண்ணைக்கூட நீங்க கண்டுக்கலையா?"

அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கண்டுக்கிட்டதாலதான் சார் உங்களுக்குக் கிடைக்கல, உங்களைப் பத்திப் போன் பண்ணின மனுஷன் குறட்டையில இருந்து உங்க பேரையே சொன்ன உங்க மாமியார் சாட்சி வரைக்கும் ஆதாரம் கொடுத்துட்டாரு, 'எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல, எனக்கு வேணாம், அவருக்கே கொடுங்க'ன்னு உள்ள கத்தின உங்க சகலைகிட்ட ஒரு ஆதாரம்கூட இல்லையே!"