கல்ச்சர் செத்த ஊர்

பெங்களூர் ஜில்லாவிலேயே கோடிக்கணக்கில் பிள்ளைகள் உள்ள பிரம்மச்சாரி அவர் ஒருவர்தான். ஆனேக்கல் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில் ஆபரேட்டர். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் பாக்டீரியாவை அந்தத் தொழிலில் 'கல்ச்சர்' என்பார்கள். வாயைத் திறந்தாலே அந்த வார்த்தைதான் என்பதால் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த ஊர் டவுன் ஆபீஸில் கிளார்க்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் வேறொரு பிளான்ட்டிலிருந்து ஒரு வாளிச் சேறு வாங்கி, துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

"ஏனு சார் இது, வாளியில?" என்றிருக்கிறார் கண்டக்டர்.

"நம்ம பசங்க. கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க, பயந்துக்குவாங்க."

ஆனேக்கல் வருவதற்குள் பஸ்ஸின் பின்பாதியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

ஒரு முகூர்த்தம் முடிந்து கல்யாண மண்டபத்தைக் கழுவியவர்கள், கேன் கேனாக ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். காலையில் தொட்டியில் நுரை பொங்கி, சேறு வெளுத்து, நாற்றம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தது. கல்ச்சர் வெளி மதகை மூடி, வருகிற தண்ணீரை ஒரு காலித் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். அது நிரம்பி வழிந்தால் அத்தனையும் ஓடையில் இறங்கி, தென்பெண்ணைக்குப் போய்விடும். வழியெல்லாம் ஆடு மாடு குடிக்கிறது, ஜனங்கள் குளிக்கிறார்கள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

நேராக எங்கள் ஆபீஸுக்கு, டவுன் பஞ்சாயத்துத் தலைவர் அறைக்குள் ஓடிவந்தார். "சார், நம்ம ஊர் கல்ச்சரே செத்துப்போச்சு!"

தலைவர் கன்னடக்காரர், பழைய பழக்கவழக்கங்களில் உயிரையே வைத்திருப்பவர். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஹௌதப்பா! நானும் அதேதான் சொல்றேன். டிவி வந்துச்சு, கல்ச்சர் செத்துச்சு! இப்போ என்ன பண்ணணும், சொல்லு."

"சாணி வேணும் சார், வண்டி வண்டியா. வெல்லமும் வேணும்."

"சாணி, வெல்லம்! இதுதானப்பா நம்ம கல்ச்சர்!" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாணியில் புது பாக்டீரியா இருக்கிறது, வெல்லம் அதற்குத் தீனி என்று விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். கல்ச்சர் என் காலை மிதித்தார்.

மறுநாள் ஊர்வலம். கொம்பில் வர்ணம் பூசிய மாடுகள், மேளம், வீட்டுக்கு ஒரு கூடை சாணி, தட்டுத் தட்டாக வெல்லம். பிளான்ட் வாசலில் பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள். இவர் சாணியைக் கரைத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்ற, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கையை நீட்டித் தீர்த்தமே கேட்டுவிட்டார். "வேணாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சி அனுப்பினார்.

அதன்பிறகு ஒரு வாரம் அவர் வீட்டுக்கே போகவில்லை. காலியாக இருந்த தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. மழை கொட்டினால் கதை முடிந்தது. அன்று சாயங்காலம்தான் சாணி ஊற்றிய தொட்டி பழுப்பேறி, மண்வாசனை அடித்தது. கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்தார். சேறு அடியில் படிந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

மதகைத் திறந்துவிட்டு, ஓடைக்கரையில் தண்ணீரோடு கூடவே நடந்தார். நானும் போனேன். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், யாருக்கும் ஒண்ணுமே தெரியலை. நல்லா ஆயிடுச்சு."

இப்போதும் பஸ் ஏதாவது ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் கறுப்பாக ஓடினால், ஐயோ, அந்த மனுஷன் இங்கே இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.