கொலையான அக்காவுக்குத் தம்பி எழுதுவது

கில்காரா
ஞாயிறு, பூசை முடிந்து

என் பிரியத்துக்குரிய நோரீன் அக்காவுக்கு,

தம்பி மலாக்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் முழங்கால் வலியைத் தவிர சௌக்கியம். அங்கே கனடாவில் நீயும் ட்ரெவர் அத்தானும் சௌக்கியமாக இருப்பதாக நான் நம்புகிறேன். ஊர் நம்பவில்லை. ஊரைப் பொறுத்தவரை நீ செத்து ரொம்ப காலமாகிறது. அதுவும் சும்மா சாகவில்லை, கொலை. செய்தது நம் அப்பா. புதைத்தது நம் வீட்டுப் பின்வேலி ஓரம். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்து படி.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் 'அப்பா' என்று நான் வாயெடுத்தாலே, "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். நாற்பது வருஷமாக உன் அடுப்பில் அந்தப் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு கில்ஹூலியம்மாவை நினைவிருக்கும். நீ கனடா போன அந்த வருஷம்தான் புதுப் பெண்ணாக வந்தாள். இப்போது புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரு நாயோடு இருக்கிறாள். நாயின் பெயர் பிஷப். அந்தப் பெயரை வைத்ததற்கே அவளைப் பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும். போன திங்கட்கிழமை அந்த பிஷப் வேலியில் நுழைந்து, நம் பக்கத்துப் புதரடியைப் தோண்டு தோண்டென்று தோண்டி, மண்ணுக்குள்ளிருந்த ஒரு பழைய உரப்பையைக் கிழித்துவிட்டது. பைக்குள் ஒரு துணிப்பொதி. பச்சைக் கம்பளி ஸ்கார்ஃப், ஓரத்தில் அம்மா பின்னிய உன் முதலெழுத்து. நீ கல்யாணத்துக்குக் கிளம்பின அன்று காலையில் தேடித் தேடிக் கிடைக்காமல், நான்தான் தொலைத்தேன் என்று என்மேல் எரிந்து விழுந்தாயே, அதேதான். அது முழுக்கச் சிவப்பாகக் கறை. கில்ஹூலியம்மா போட்ட சத்தத்தில் எதிர்த்தெரு இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்தார், அவரைக் கத்தியோடு பார்த்து அவள் இன்னொரு சத்தம் போட்டாள்.

சார்ஜெண்ட் டோலன் வந்தார். சின்ன வயசு, ஊருக்குப் புதுசு, இதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் காணாமல் போன சைக்கிள்தான். பொதியைக் கண்டதும் அந்தப் பிள்ளைக்கு முகமே மலர்ந்துவிட்டது. "யாரும் தொடாதீங்க! டப்ளின்லேருந்து டாக்டர் வரணும்" என்று சுற்றி நாடா கட்டி, மேலே ஒரு கூடாரமும் போட்டுவிட்டார். டப்ளின் டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அதுவரை நம் தோட்டத்தில் ஒரு சர்க்கஸ் இருந்தது என்று வைத்துக்கொள்.

அக்கா, நீ உயிரோடு இருந்தபோது இந்த ஊர் உன்னை இப்படிப் புகழ்ந்ததே இல்லை. சாவு வீட்டுக்கு வருவதுபோல் வெள்ளைத்துணி மூடிய தட்டில் சாண்ட்விச்சும் ஆப்பிள் கேக்குமாக வந்து குவிந்தார்கள். கோயில் பாட்டுக் குழுவில் உன்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாளே, அந்த மனுஷியே வந்து, "தேவதை குரல்டா உங்கக்காவுக்கு" என்று மூக்கைச் சிந்தினாள். பங்குச் சாமியார் உன் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசையே வைத்துவிட்டார். "அவ உயிரோட இருக்காளே சாமி, வீணாப் போயிடாதா?" என்று கேட்டேன். "வீணாப் போகாது, பின்னாடி உதவும்" என்றார்.

கில்ஹூலியம்மா சாட்சி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அடுப்படியில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே சார்ஜெண்டிடம் சொல்கிறாள்: "அந்த மூலையில மட்டும் இவங்கப்பா மண்வெட்டி வைக்க விடமாட்டாரு. ஒரு தடவை இந்த மலாக்கி உருளைக்கிழங்கு போடப் போனான். மனுஷன் ஓடி வந்து கத்தினாரு பாருங்க, எங்க வீட்டு ஜன்னல் அதிர்ந்துச்சு. நான் அப்பவே நெனச்சேன்." அவள் நினைத்ததை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அக்கா, கத்தியது நிஜம். அப்பா கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீ உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கேட்டார் சார்ஜெண்ட். நீ வருஷா வருஷம் அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். 'எல்லோரும் நலம். பனி அதிகம். நோரீன்.' 'எல்லோரும் நலம். பனி அதிகம். நோரீன்.' "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. உசுரோட இருக்கற மனுஷி ஒரு வருஷமாச்சும் வேற எதாவது எழுதுவா இல்ல?" என்றார். எனக்கு ரோஷம் வந்து அவர் எதிரிலேயே உனக்குப் போன் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை வந்த போன் அதுதான். "அக்கா, அப்பா விஷயமா..." என்றேன். "அடுப்புல பால் இருக்கு" என்றாய், வைத்துவிட்டாய். சார்ஜெண்ட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஒரு பொம்பளை வீட்டுல பால் இருக்குங்கறது மட்டும்தாண்ணே இதுல நிரூபணமாவுது" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, மிச்சமிருந்த கேக்கோடு தனியாக உட்கார்ந்திருந்தபோது, அப்பா ஏதாவது செய்திருப்பாரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். போனில் உன் குரலைக் கேட்ட மறுநாளே நினைத்தேன் பார், அவ்வளவுதான் என் புத்தி. ஒரு நொடிதான். மறுநாள் காலை கல்லறைக்குப் போய் அவர் தலைமாட்டில் புல் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன், வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது?

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். சின்னப் பெண், வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ். வேலிமேல் ஊரே உட்கார்ந்திருந்தது. பிஷப்பை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கில்ஹூலியம்மா முதல் வரிசை. டாக்டர் ஒரு பலகையில் பொதியை வைத்து, ஸ்கார்ஃபை மெதுவாகப் பிரித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அக்கா, நம் மாடிப்படி வளைவில் மாடத்தில் இருந்த குழந்தை இயேசு சுரூபம். கழுத்தோடு தலை தனியாக, ராஜா மாதிரி கிரீடத்தோடு, பக்கத்தில் கிடக்கிறது. சிவப்பு அங்கியின் சாயம் இத்தனை வருஷ ஈரத்தில் இறங்கி ஸ்கார்ஃப் முழுக்க ஊறியிருக்கிறது. நீதான் அதைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறினாய் என்று கிட்டி அத்தை சாகும்வரை ஜெபமாலையும் கையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், மேலே போய் உண்மை தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கனடாவில் இருந்து உனக்கு மறந்திருக்குமோ என்று எழுதுகிறேன்: கல்யாணத்துக்கு முந்தின நாள் குழந்தை இயேசுவைப் புதரடியில் வைத்தால் மறுநாள் மழை வராது. தலை தானாகக் கழன்றால் வெயில் நிச்சயம். நாமாக உடைத்தால் செல்லாது. டாக்டர்தான் முதலில் பேசினார்: "எங்க அக்கா கல்யாணத்துக்கும் வச்சோம். கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு." கில்ஹூலியம்மா உடனே, "தலை கழண்டுச்சா?" என்றாள். "இல்லைங்க." "அப்புறம் மழை எப்படிம்மா நிக்கும்?"

இந்த வீட்டிலிருந்து நடந்த கல்யாணம் ஒன்றே ஒன்று. அம்மா அப்போது இல்லை. நான் வைக்கவில்லை. மீதி இருந்தது ஒரே ஆள். அத்தான் கத்தோலிக்கர் இல்லை என்பதற்காக, "புராட்டஸ்டண்டுக் கோயில் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். என் பொணம் கூட மிதிக்காது" என்று சாப்பாட்டு மேசையில் குத்திய அதே ஆள். ஊரெல்லாம் புதரடியில் வெளிப்படையாகத்தான் வைப்பார்கள். இவர் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். மனசு இளகினதை யாராவது பார்த்துவிட்டால்? உன் கல்யாணத்துக்கு என்று சாமிக்கு அடையாளம் தெரிய வேண்டாமா, அதற்காக உன் ஸ்கார்ஃபைத் திருடிச் சுற்றியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் எத்தனை நாள் அடைமழை! அன்று மட்டும் பொழுது விடியும்போதே சுள்ளென்று வெயில். ஏரிக்கு அக்கரைக் கோயிலில் உன் கல்யாணம், இக்கரையில் ஊரே வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தது. அப்பா வைக்கோலைத் தொடவில்லை. பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்சுவர்மேல் உட்கார்ந்து, நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன்மேல் கோபத்தில் இருக்கிறார் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு வார்த்தை பேசினார். "நல்ல வெயிலு இன்னிக்கி." "ஆமாப்பா, வைக்கோல் காஞ்சிடுச்சு" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் எழுந்து போய்விட்டார். அக்கா, அவர் உன் கல்யாணத்துக்கு வந்திருந்தார். இந்தப் பக்கக் கரையில் உட்கார்ந்தபடியே வந்திருந்தார். அவ்வளவு தூரம்தான் அவரால் வர முடிந்தது. அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று உன்னைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. உனக்குத் தெரியாது. கூடவே இருந்த எனக்கே தெரியவில்லையே.

ஒன்றுதான் விளங்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் சுரூபத்தை எடுத்து மாடத்தில் வைத்துவிட வேண்டும். அவர் சாகும்வரை எடுக்கவே இல்லை, என்னையும் தோண்ட விடவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

நிற்க. இப்போது முக்கியமான சட்ட விஷயத்துக்கு வருகிறேன். சுரூபம் கிடைத்ததால் நீ கொலை செய்யப்படவில்லை என்று ஆகிவிடாதாம். நீ தோட்டத்தில் வேறு மூலையில் இருக்கலாமாம். கொலையானவர் நேரில் காவல் நிலையத்துக்கு வந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் கேஸை மூட முடியுமாம். போட்டோ செல்லாது, போன் செல்லாது, பால் நிச்சயம் செல்லாது. எனக்காக நீ வர வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை, தனியாக இருந்து பழகிவிட்டது. சட்டத்துக்காகத்தான் சொல்கிறேன். அப்பா பேரில் கொலைப் பழி நிற்கிறது, அதையும் பார்க்க வேண்டும். கில்ஹூலியம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, அவள் இனி இந்த ஜென்மத்தில் என் வாசப்படி ஏற மாட்டாள்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நான் பார்க்காமலே கொடுக்கும் முத்தங்கள். குழந்தை இயேசு உங்கள் எல்லோரையும் காக்கட்டும், தலையோடோ தலை இல்லாமலோ.

உன் தம்பி,
மலாக்கி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கில்ஹூலியம்மா ருபார்ப் கேக்கோடு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். "ஏண்டா மலாக்கி, சார்ஜெண்ட்டுதான் வெள்ளிக்கிழமையே கேஸை மூடி, அழுதுட்டே போனாரே. எதுக்குடா பொய்?" என்கிறாள். ஆகவே மேலே சொன்ன சட்டம் எதுவும் இல்லை. எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றதும் பொய். வா. சுரூபத்தை அதே குழியில் வைத்திருக்கிறேன், தலையை ஒட்டித்தான் வைத்தேன், காலையில் போய்ப் பார்த்தால் தானாகக் கழன்றிருக்கிறது, பிஷப் கட்டித்தான் இருந்தது. "அதைக் கல்யாணத்துக்குத்தானேடா வைப்பாங்க?" என்றாள். "விமானம் இறங்க வெயில் வேண்டாமா?" என்றேன். "சரி, எப்ப எடுப்பே?" என்றாள். அதைக் கேட்டதும்தான் அப்பா ஏன் எடுக்கவே இல்லை என்று எனக்குப் புரிந்தது. நீ வருகிற நாள் அவருக்கும் தெரியாது.