எலி முயலான வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த பெரிய காரியம், எங்கள் பள்ளியின் 'கிறிஸ்துமஸ் கதைப்புத்தகச் செயல்பாட்டுத் திட்டமிடல் குழு'வை அமைத்ததுதான். அதன் தலைவர் அடியேன். நான் துணை முதல்வர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் கூட்டத்துக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு புத்தகத்தோடு வந்தார். பள்ளியில் இருந்த ஒரே பிரதி. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூட்டையை ஒரு எலி கடித்து ஓட்டை போட்டுவிடுகிறது. வழியெல்லாம் பொம்மைகள் விழுகின்றன. பயந்துபோன எலி, பின்னாலேயே ஓடி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீடுவீடாகச் சேர்க்கிறது.

“பசங்களைத் தரையில உட்கார வச்சுப் படிச்சுக் காட்டினா போதும் சார். சொக்கிப் போயிடுவாங்க.”

“படிக்கிறது 'செயல்பாடு' ஆகாதும்மா,” என்று பெருந்தன்மையோடு திருத்தினேன்.

முதல்வர் அம்மாவின் கவலை வேறு. “எலியா? பெத்தவங்க பார்த்தா, ஸ்கூல்ல எலி இருக்குன்னு நினைப்பாங்களே?”

“இருக்கே மேடம்,” என்றார் கைவினை டீச்சர்.

“அதனாலதான் சொல்றேன்!”

எலி ஏகமனதாக முயலாக்கப்பட்டது.

“முயல் போய் மூட்டையைக் கடிக்குமா சார்?” ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு எப்போதும் சந்தேகம்தான்.

“குழு தீர்மானம் போட்டா கடிக்கும்.”

பிள்ளைகள் பஞ்சை ஒட்டிப் பனி செய்தார்கள். அட்டையில் முயல் காது வெட்டினார்கள். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்கு 'நுண்தசைப் பயிற்சி' என்று பெயர் வைத்தோம். கிறிஸ்துமஸ் விழா மேடைத் தட்டிக்குப் படம் போதாமல் போனபோது, அந்தப் புத்தகத்தையே கத்தரித்து ஒட்டினோம். எலி இருந்த பக்கங்கள் குப்பைக்குப் போயின.

“பசங்க இன்னும் கதையே கேட்கல சார்,” என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

“விழா முடியட்டும், பார்த்துக்கலாம்.”

விழா நாளில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. மேடையில் காது மாட்டிய பிள்ளைகள் நெளிந்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்:

“மிஸ், நான் ஏன் முயலு?”

டீச்சர் பட்டுப்புடவையோடு மேடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீ முயல் இல்லடா செல்லம். எலி.”

பிறகு முழுக் கதையையும் சொன்னார். புத்தகம் இல்லாமல்! குழுவின் முன் அனுமதியும் இல்லாமல்! பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். காதுகள் உதிர்ந்தன. பெற்றோர்கள் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்தார்கள். விருந்தினர் வந்து நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. விழாப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகளின் முதுகுகள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன.

மறுநாளே டீச்சருக்குப் பொருள் அறையில் பசை டப்பாக்களை எண்ணும் பொறுப்பான பணி வழங்கினோம். சாவியை வாங்கிக்கொண்டு, “முழுசாக் கேட்டுட்டாங்க சார். அது போதும்,” என்றார். திருந்தாத ஜென்மம்.

பெற்றோர் கூட்டத்தில் நான் அறிக்கை வாசித்தேன்: “குழுவின் துல்லியமான திட்டமிடலால், மழலைகள் கதையோடு முழுமையாக ஒன்றினர்.” கைதட்டல் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. வியப்பினால் இருக்கும்.

அடுத்த நாள் டீச்சர் இல்லாத அந்த வகுப்புக்கு நானே போனேன்.

“சார், கதை சொல்லுங்க!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்த முன்வரிசைச் சிறுமி பக்கத்திலிருந்தவனை அடக்கினாள்.

“சும்மா இருடா. சாருக்குக் கதை சொல்லத் தெரியாது. கதை விடத்தான் தெரியுமாம். கூட்டத்துக்குப் போயிட்டு வந்து எங்கப்பா சொன்னாரு.”