ஊதாப் புல்லில் ஒளிந்த வண்டி

ஜமுனாமரத்தூர்,
கார்த்திகை, 1983.

திருப்பத்தூர் புளி மண்டியில் பெரிய தராசுக்குப் பொறுப்பாளராக இருக்கும் மைத்துனர் சடையன் அவர்களுக்கு, மலைமேல் கடைகளுக்குப் போர்டு எழுதும் மாதையன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், ஆடுகள் நலம், சாமை அடித்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. அங்கே நீங்களும், உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள். அவளுக்கு எழுத்து தெரியாது, நீங்கள்தான் வாசித்துக் காட்டியாக வேண்டும். ஆகையால் எதைச் சத்தமாக வாசிப்பது, எதை மனதுக்குள் வாசிப்பது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். முதலில் இதைச் சத்தமாக வாசியுங்கள்: நான் கூப்பிட வர மாட்டேன். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவளைப் புருஷன் நாலு பெரியவர்களோடு போய்க் கூட்டிவருவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். தப்பு என் மேல் இருந்தால் போகலாம். இல்லை. ஆகவே வர மாட்டேன்.

அவள் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பாள், இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள் மச்சான். டீக்கடைக்கு வரும் மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஓடுகிறது. வானத்தில் இரண்டு சூரியன் உள்ள ஒரு கிரகம், அங்கே புல்லெல்லாம் ஊதா நிறம், அந்தப் புல்லில் ஆறு சக்கரப் போர் வண்டிகள் எதிரிக்குத் தெரியாமல் பதுங்கிப் பதுங்கிப் போகின்றன என்று கதை எழுதுகிறவர் எழுதுகிறார். படம் போடுகிறவரோ வண்டியைக் கல்யாண வீட்டு வெள்ளிக் குடம் மாதிரிப் பளபளவென்று போட்டு வைக்கிறார். இதில் எங்கே பதுங்குவது? நான் யாரிடமும் வர்ணம் படித்தவனில்லை, ஆனாலும் ஊதாப் புல்லில் வெள்ளி வண்டி போனால் சூளையில் செங்கல் அடுக்குகிறவன்கூடப் பார்த்துவிடுவான் என்று ஆசிரியருக்கு எழுதினேன். அவர் ஒரு கார்டு போட்டார். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. வண்டி மறைந்துவிட்டால் வாசகர் எதைப் பார்ப்பார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். இல்லை. மறைந்தும் இருக்க வேண்டும், அது அங்கே இருக்கிறது என்று வாசகனுக்கு நெஞ்சு படபடக்கவும் வேண்டும். அப்படி ஒரு வர்ணத் திட்டம் நானே போட்டு அனுப்புகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன்.

பழைய பவுடர் டப்பாவை வெட்டித் தட்டி, மரச் சக்கரம் ஆறு கோத்து, பீரங்கிக்கு ஒரு குழாய் வைத்து வண்டி செய்தேன். வர்ணத்துக்கு வாணியம்பாடி இறங்கி ஜப்பார் பாய் கடைக்குப் போனேன். "இன்னா பெருசு, ஊதா கேக்குற? எந்தப் பார்ட்டி லாரிக்கு?" என்றார். "லாரி இல்ல பாய், வேற கிரகத்து வண்டிக்கு" என்றேன். "அரே, அந்த ரூட்டுக்கு பர்மிட்டு குட்த்துட்டானா?" என்று கேட்டுவிட்டு, கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சிரிக்கட்டும். எனாமல் பளபளக்கும், பளபளப்புதான் முதல் காட்டிக்கொடுப்பான். ஆகையால் அவள் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கலந்து பளபளப்பைச் சாகடித்தேன். காட்டில் நேர்கோடு கிடையாது, ஆகையால் வண்டியின் ஓரத்தையெல்லாம் கரும்பட்டை போட்டு உடைத்தேன். மானைப் பாருங்கள், முதுகு பழுப்பு, வயிறு வெளுப்பு. வெயிலை முதுகு விழுங்கிவிடும், நிழலை வயிறு விழுங்கிவிடும். அதேபோல் வண்டிக்கும் வயிற்றை வெளுத்தேன். சக்கரம் வட்டமாக இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும் என்று பாதி கறுப்பு, பாதி ஊதா அடித்தேன்.

எல்லாம் சரி, சோதித்துப் பார்க்க ஊதாப் புல்லுக்கு ஜவ்வாது மலையில் எங்கே போவது? (இதை மனதுக்குள் வாசியுங்கள்.) நீங்கள் போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த ஊதாச் சேலையை அவளேதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "இத்த விரிச்சுக்கோ, உன் கிரகம் இன்னும் பெரிசா வேணும்னா முந்தானையும் கீது" என்றாள். சரிவில் பாறை மேலும் செடி மேலும் அதை விரித்தோம். மடிப்பெல்லாம் குன்று மாதிரி எழுந்து நின்றது. இரண்டாவது சூரியனுக்கு அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். அவள் எதிர் மேட்டில் எதிரிப் படைக் காவலாளியாக நிற்க வேண்டும், நான் வண்டியை எங்காவது வைத்துவிட்டு "தெரியுதா?" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"தோ கீது!"

கத்தி முடிக்கும் முன்னே கையை நீட்டிவிட்டாள். பட்டையை அகலமாக்கினேன். "தோ கீது!" சாம்பலைக் கூட்டினேன். "தோ கீது! வேணும்னே ஊட்டுப்பக்கமா வெச்சிக்கிறியா?" இப்படியே ஒரு மாதம், மச்சான். காவலுக்கு வந்த எதிரி சிரித்துச் சிரித்து மேட்டிலேயே குந்திவிடுவாள். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, "நீ கள்ளாட்டம் ஆடுற, நான் வெக்கிறப்பவே எட்டிப் பாக்குற" என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். "நான் எங்க வண்டியத் தேடுறேன்? உன்னத்தான் பாக்குறேன். வண்டி எங்க கீதோ அந்தப் பக்கம் மட்டும் நீ பாக்கவே மாட்ட. மூஞ்ச அப்பிடியே அமிர்திக் காட்டுப் பக்கம் திருப்பிக்குவ. முப்பத்தஞ்சு வருசமா வேற எத்த பாத்துக்கினு இருந்தேன்?" என்றாள். மச்சான், என் வர்ணத்தை அவள் ஒரு நாள்கூடப் பார்க்கவே இல்லை! ஒரு மாத உழைப்பு! "கள்ளாட்டம் கள்ளாட்டம்தான்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் மலை இறங்கிவிட்டாள்.

அவள் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுமா? (இதைச் சத்தமாக வாசியுங்கள்.) நிற்கவில்லை. பக்கத்து வீட்டு சின்னராசுவை மேட்டில் நிறுத்தினேன். "தெரியுதா?" "தெரிலீங்க மாமா, சூப்பரா மறஞ்சிட்டுதுங்க!" எனக்குச் சந்தோஷம். அடுத்து வர்ணமே பூசாத வெறும் டப்பாவைக் கொண்டுபோய் நடுச் சேலையில் வைத்தேன். "அதுவும் தெரிலீங்க மாமா!" சந்தேகம் வந்து வண்டியை அவன் குந்தியிருந்த பாறையிலேயே, அவன் முழங்கால் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து கேட்டேன். ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கைவேலையாச்சே மாமா, எங்களுக்கெல்லாம் தெரியுமாங்க?" என்றான். பையனுக்குக் கண்ணில் குறையில்லை, என் மேல் மரியாதை ஜாஸ்தி. இந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு போர் நடத்த முடியுமா?

இனி வருவதை மனதுக்குள்ளேயே வாசியுங்கள். சேலையை அவள் எடுத்துப் போகவில்லை. ஒரு ஓரத்தில் எனாமல் பட்டுவிட்டது. ஆனால் சேலைக்கென்றே கலந்த ஊதா என்பதால் எந்த ஓரத்தில் பட்டது என்று எனக்கே தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் வர்ணம் ஜெயித்த ஒரே இடம் அதுதான், பார்க்கத்தான் ஆள் இல்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் பழக்கதோஷத்தில் நானாகச் சரிவில் நின்றுகொண்டு "தெரியுதா?" என்று ஒரு தடவை கத்திவிடுகிறேன். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. அப்புறம் மேய ஆரம்பித்துவிடுகின்றன. சாமைச் சோறும் சரியாகப் பொங்கவில்லை, குழைந்தால் கஞ்சி, குழையாவிட்டால் மணல். ஆசிரியருக்குத் திட்டத்தை அனுப்பலாம். ஆனால் காணக்கூடிய ஒருத்தியிடம் காட்டாமல் மறைந்துவிட்டது என்று எப்படிச் சத்தியம் செய்வது?

இப்போது சத்தமாக. உங்கள் தங்கை திரும்பி வரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. வந்து, கள்ளாட்டம் ஆடினேன் என்று தெரு கேட்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெரு கேட்க வேண்டாம், வீட்டுக்குள் சொன்னால் போதும். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் தலையை ஆட்டினாலும் ஒப்புக்கொள்வேன். ஆட்டாமல் நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தாலும் அதை நான் ஆட்டியதாகவே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் இறங்கி வர முடியாது. கூப்பிட வர மாட்டேன் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

உங்கள் தராசு ஒரு பக்கமும் சாயாமல் நிற்கட்டும், உங்கள் வீட்டாருக்குக் காய்ச்சல் சளி அண்டாமல் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
மாதையன்.

பின்குறிப்பு: தபாலில் போட்டால் உங்கள் கைக்கு எப்போது வருமோ என்று இதை நானே எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். பெரியவர்கள் நாலு பேரைச் சேர்க்க நேரமில்லை, சேலையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக, புளி மூட்டை ஏற்றிய வண்டியின் மறைவில் நின்றுதான் இந்த வரியை எழுதுகிறேன். டீக்கடைக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சற்று முன் அவள் வாசலுக்கு வந்து தண்ணீர் தெளித்துவிட்டு, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைக் காணவில்லை. ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நான் ஜெயித்திருக்கிறேன். நல்லாவே இல்லை மச்சான். அவளை இன்னொரு தடவை வெளியே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.