டிராகன் வாலைப் பிடித்த பிரிட்டோ

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, கருகிப்போன கறிக்குழம்பைச் சாட்சியாக வைத்து பிரிட்டோ ஒரு சபதம் செய்தார். இந்த வீட்டில் இனிமேல் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த டிராகன் இருக்க வேண்டும்.

கோபம் நியாயமானதுதான். பூசை முடிந்த கையோடு கறிக்கடைக்குப் போய், வரிசையில் நின்று, தொடைக்கறியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். அது இப்போது சட்டியின் அடியில் தார் ரோடு மாதிரி ஒட்டிக் கிடந்தது. அடுப்பில் வைத்தவள் ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே, காலை நீட்டி உட்கார்ந்து, செங்கல் தடிமனில் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஜெயமேரி. கட்டிய மனைவி.

"மேரி, கறி கருகிருச்சு."

"தணல் நெருப்பக் கக்கிருச்சுங்க," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"யாரு தணலு?"

"டிராகன்."

"டிராகனா? உழவர் சந்தையில செக்கச்செவேல்னு விக்கிறாங்களே, அந்தப் பழமா?"

"பழம் இல்லங்க, பறக்குறது. இதழின்னு பதினாறு வயசுப் புள்ள. அது மேல ஏறி ராசாவ எதுத்துச் சண்டைக்குப் போகுது."

"பதினாறு வயசுல டிவிஎஸ் ஓட்டவே லைசென்சு தர மாட்டானே!"

"செத்த நேரம் பேசாம இருக்கீங்களா? ரெண்டாம் பாகம். முக்கியமான எடம்."

"மொத்தம் எத்தன பாகம்?"

"அஞ்சு."

"எங்கப்பா சொத்துலயே எனக்கு ஒரு பாகந்தான் வந்துச்சு. ஒரு பல்லிக்கு அஞ்சு பாகமா?"

"பல்லின்னு சொல்லாதீங்க."

அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். கணவர் பட்டினி கிடந்ததற்குத் தூக்காத தலை.

வினை வந்தது மகளால். கோயம்புத்தூருக்குக் காலேஜ் படிக்கப் போன பிள்ளை, 'சாம்பல் சிறகு' என்ற அந்த ஐந்து பாகத்தையும் அலமாரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. தூசி தட்ட எடுத்த ஜெயமேரி, தட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு சைதூனுக்கும் ஒன்று போனது. அதன் பிறகு சாயங்காலமானால் இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, சொந்தக்காரப் பையனைப் பற்றிப் பேசுகிற மாதிரி டிராகனைப் பற்றிப் பேசினார்கள். "தணல் பாவம்க்கா, எளைச்சுப் போச்சு." "ஆமாடி, மூணு நாளாச் சாப்பிடலையே."

இங்கே ஒருவர் சாப்பிடாமல் இருப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிரிட்டோவின் மனக்குறை கறி மட்டுமல்ல. வத்தலக்குண்டு ரோட்டில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை அவருடையது. எவன் கிழிசல் சீட்டோடு வந்தான், எவன் மனைவி பின்னால் உட்கார மாட்டேன் என்றாள் என்று தினமும் கதை கொண்டுவருவார். இருபத்தோரு வருஷமாக ஜெயமேரி அதற்குச் சிரித்திருக்கிறாள். இப்போது பாதிக் கதையில், "அப்படியா? சரி," என்று பக்கத்தைத் திருப்புகிறாள். பல்லிக்கு முன்னால் தோற்றுப்போவது எந்த ஆம்பளைக்கும் வலிக்கும்.

யோசனை சொன்னது பக்கத்துப் பஞ்சர் கடை ஆனந்த்ராஜ். "ரொம்ப லேசுண்ணே. முடிவச் சொல்லிப்புடுங்க. யாரு சாவா, யாரு பொழைப்பான்னு தெரிஞ்சுட்டா அப்பறம் எவ படிப்பா?"

பிரிட்டோ அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

மறுநாளே ஐந்தாம் பாகத்தை ரெக்சினில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். நேராகக் கடைசிப் பக்கம். 'எட்டாவது அம்பும் பாய்ந்தது. இதழியின் மடியில் தலை வைத்துத் தணல் கண்ணை மூடியது.' அவ்வளவுதான்! செத்துவிட்டது! பிரிட்டோ புத்தகத்தை மூடினார்.

பிறகு திறந்தார். எட்டாவது அம்பு என்றால், முதல் ஏழு அம்பை எவன் விட்டான்?

அது தெரியாமல் போய்ச் சொன்னால் மேரி குறுக்குக் கேள்வி கேட்பாள். எனவே ஐந்தாம் பாகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அம்பு விட்டவன் இதழியின் சொந்த அண்ணன். பாவி! அண்ணன் ஏன் அந்தப் பக்கம் போனான்? அதற்கு நாலாம் பாகம். அவனுக்கு அந்தப் புத்தி கொடுத்தது யார்? அதற்கு மூன்று. அவள் படிக்காததை அவர் எடுத்தார், அவர் வைத்ததை அவள் எடுத்தாள். புலி வாலைப் பிடித்தவன் விட முடியாது என்பார்கள். டிராகன் வால் அதைவிட நீளம். மூன்று வாரத்தில் வாலிலிருந்து தலைக்கு வந்து, முட்டையிலிருந்து தணல் வெளியே வரும் முதல் பாகத்தில், தையல் மெஷினில் கவிழ்ந்து அழுதார்.

"என்னண்ணே, கண்ணு கலங்கியிருக்கு?" என்றான் நத்தத்திலிருந்து வந்திருந்த வாடிக்கையாளன்.

"ஒட்டுற சொல்யூஷன் காட்டம்ப்பா."

"சரிண்ணே. நான் புல்லட்டுக்குல்ல தைக்கச் சொன்னேன்? இது ஸ்கூட்டி சீட்டு மாதிரி இருக்கே. ஏன் செதில் செதிலா தச்சிருக்கீங்க?"

முடிவைப் போட்டு உடைக்க அன்று சாயங்காலத்தையே குறித்துக்கொண்டார். ஜெயமேரி மூன்றாம் பாகத்தோடு வாசல்படியில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சைதூன் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ காப்பியை ஒரு மிடறு குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"மேரி, ஒன்னு சொல்லவா? கடைசியில தணல் செத்துப் போயிரும்."

யாரும் அலறவில்லை.

"எட்டு அம்பு. எட்டாவது நெஞ்சுல. அதுவும் யாரு? கூடப்பொறந்த அண்ணன்! அந்தச் சின்னப்புள்ள மடியில தலைய வச்சு, அந்தச் சீவன்…"

காப்பி டம்ளருக்குள் மூக்கை விட்டுக்கொண்டார்.

"அழாதீங்கண்ணே," என்றாள் சைதூன். "எனக்கும் மொதத் தடவ இப்படித்தான் இருந்துச்சு."

"மொதத் தடவையா?"

"நான் முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சுங்க," என்றாள் ஜெயமேரி. "இது ரெண்டாந்தரம். சைதூனுக்கு மூணாந்தரம். அது கெடக்கட்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரிட்டோ தெருவைப் பார்த்தார். ஒரு குப்பை வண்டிகூட வரவில்லை.

"படிச்சீங்களா?"

"சும்மா… பொரட்டுனேன்."

"அஞ்சையுமா?"

"பின்ன? அண்ணங்காரனுக்கு எதுக்கு அம்புட்டு வன்மம்னு தெரிய வேணாமா?"

ஜெயமேரி தபால் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவள். எத்தனை பேர் கத்தினாலும் முகம் மாறாது. அந்த முகத்தோடே எழுந்து உள்ளே போய், பீரோ மேலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறாம் பாகம். போன வாரம் வந்துச்சு."

பிரிட்டோ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆறா? அப்ப தணலு… உசுரோட…?"

"சொல்லட்டுமா?"

"சொல்லாத!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மேரி, சொல்லாத! குடு, நானே படிச்சுக்கிறேன்."

"தாரேன். எனக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு நாளுதான லீவு? நாலு ஞாயிறு நீங்க சமைங்க. அஞ்சாவது ஞாயிறுக்கு முந்தி பை உங்க கைக்கு வந்துரும்."

"நாலா? ரெண்டு வச்சுக்க."

"அப்ப சொல்லட்டுமா? அந்தத் தணலு…"

"நாலு! நாலு!"

இப்படியாக ஐந்து பாகம் முடிந்து, பிரிட்டோவுக்கு நளபாகம் தொடங்கியது. முதல் ஞாயிறு சின்ன வெங்காயம் உரித்ததில் டிராகனுக்கு அழுததைவிட அதிகமாக அழுதார். இரண்டாவது ஞாயிறு குக்கர் பதினேழு விசில் அடித்தது. எண்ணிக்கொண்டிருந்தவர் ஆனந்த்ராஜின் போனை எடுத்ததால் வந்த வினை. மூன்றாவது ஞாயிறு ஒரு கிண்ணம் குழம்பு சுவரைத் தாண்டிப் போனது. "அண்ணே, உப்பு நல்லாருக்கு," என்றாள் சைதூன், "கறிதான் கொஞ்சம் கம்மி."

ஒவ்வொரு தடவையும் கரண்டியைக் கீழே போட்டு, "என்னால ஏலாது," என்பார். ஹாலிலிருந்து நிதானமாக ஒரு குரல் வரும். "அந்தத் தணலு இருக்கே…" அவ்வளவுதான். கரண்டி தானாகக் கைக்கு வந்துவிடும். ஜெயமேரி மின்விசிறிக்குக் கீழே மூன்றாம் பாகம் முடித்து, நாலு முடித்து, ஐந்துக்குப் போனாள்.

நாலாவது ஞாயிறு, எப்படியோ, குழம்பு குழம்பாகவே வந்துவிட்டது. ஜெயமேரி இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்தாள். "நல்லாருக்குங்க," என்றாள், அவர் முகத்தைப் பார்த்து. பழைய சிரிப்பு. ஒரு கணம் பிரிட்டோவுக்கு டிராகன்கூட மறந்துபோனது. கை கழுவிய கையோடு அவளே போய் மஞ்சள் பையை எடுத்து வந்து கொடுத்தாள். சொன்ன சொல் மாறாதவள்.

பிரிட்டோ சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பைக்குள் கையை விட்டார். பார்சல் வந்தது. சுற்றிலும் டேப். ஒரு மூலைகூடக் கிழியவில்லை.

"மேரி… இது பிரிக்கவே இல்லையே?"

"இல்லையே."

"அப்ப நீ படிக்கவே இல்லையா? தணலு என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியாதா?"

"நான் எப்பங்க தெரியும்னு சொன்னேன்? 'சொல்லட்டுமா'ன்னுதான கேட்டேன்? நீங்கதான் காதப் பொத்துனீங்க."

"பின்ன ஏண்டி பிரிக்காம வச்சிருந்த?"

"அஞ்சையும் இன்னொரு தரம் படிச்சுட்டு ஆறுக்குப் போனாத்தான ருசி? அதுக்கு நேரம் வேணும்ல? நேத்துத்தான் முடிச்சேன்."

பிரிட்டோ பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். போனது போகட்டும், பை கைக்கு வந்துவிட்டது. நகத்தால் டேப்பைக் கிழித்து, புத்தகத்தை வெளியே எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் தேடிக் கையை நீட்டினார்.

கண்ணாடி கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் புத்தகம் இல்லை. அது மின்விசிறிக்கு நேர் கீழே, நீட்டிய காலின் மேல் விரிந்திருந்தது.

"பை உங்களுக்குன்னுதான சொன்னேன்?" என்றாள் ஜெயமேரி, தலையைத் தூக்காமல். "ஏங்க, தொள்ளாயிரம் பக்கம் இருக்கும் போலயே. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு மீன் வாங்கிருங்க."